பதினாறு இஞ்ச்தான் நல்லம்

எருக்கலம்பிட்டி,
மன்னார்.
09.11.2025

அன்பின் தனா அண்ணாவுக்கு,

என் இடக்கை மணிக்கட்டு முறிந்ததற்குக் காரணம் நீங்கள். முறித்தவன் அனோஜன். அவன் காதில் போட்டுவிட்டவர் நீங்கள்.

நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். சூரிச்சில் இருக்கிற உங்கள் நலத்தை நான் உங்கள் யூடியூப் சனலிலேயே பார்த்துக்கொள்கிறேன். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் கொழுத்தும் இருக்கிறீர்கள். சந்தோசம். என் நலம் கீழே வரும்.

நானும் பிள்ளையும் முஸ்பிரா வீட்டில் இருக்கிறோம். மன்னார் டவுனில் என்னோடு கொம்பியூட்டர் கோர்ஸ் படித்த முஸ்பிராதான். என் போன் அனோஜனிடம் இருப்பதால் கொப்பித்தாளில் எழுதுகிறேன். அவள் படம் எடுத்து உங்கள் வட்ஸ்அப்பிற்கு அனுப்புவாள். அவளுக்குப் போன் எடுத்துக் கத்தவேண்டாம். இந்த வீட்டுக்காரர் எங்களுக்காக ஏற்கெனவே நிறையப் பேச்சு வாங்கிவிட்டார்கள்.

விசயம் இதுதான். வருகிற பதினெட்டாம் திகதி நீதிமன்றம். நான் புருசனை அடிக்கிற பொம்பிளை, என்னிடம் பிள்ளை இருக்கக்கூடாது, அபிசாவைத் தன்னிடம் தரவேண்டும் என்று அனோஜன் கேட்டிருக்கிறான். பிள்ளைக்கு நாலு வயது. அவன் என்னை முதலில் அடித்தான் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சி இருக்கிறது. செப்டெம்பர் பதினாலாம் திகதி அவன் உங்களுக்கு அனுப்பிய குரல் பதிவு. அவன் தன் போனில் அழித்துவிட்டான். உங்கள் போனில் இருக்கிறது. எனக்கு அது வேண்டும்.

அவன் என்று எழுதுவதற்கு அம்மா கோபிப்பா. எழுதத்தான் போகிறேன்.

மே மாதம் உங்களுக்கு இரண்டு வரி எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? ஆட்கள் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டுத் தமிழில் தட்டச்சுச் செய்துகொடுக்கிற வேலை, யாழ்ப்பாணத்துக் கம்பனி, வீட்டிலிருந்தே செய்யலாம், ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம், சொந்த லப்டொப் வேண்டும், பழசு என்றாலும் காணும் என்பது முதல் வரி. அனோஜனுக்கு இப்போது சொல்லவேண்டாம் என்பது இரண்டாவது வரி.

முதல் வரிக்குப் பதினொரு நிமிடக் குரல் பதிவு அனுப்பினீர்கள். "பொறு பிள்ளை, இன்னும் கொஞ்ச நாளில புதுச் சிப் அறிவிக்கப்போறாங்கள். இப்ப வாங்கிறவன் மடையன்." அறிவித்தார்கள். நீங்கள் சொன்ன கிழமையிலேயே. பிறகு, முதலில் வருகிறது சூடாகும், திருத்திய மொடல் ஓகஸ்டில் வரும் என்றீர்கள். அதுவும் வந்தது. பிறகு, செப்டெம்பரில் பழைய மொடல்களை மலிவாகத் தள்ளிவிடுவார்கள் என்றீர்கள். நீங்கள் சொன்னது எதுவும் பிழைபோகவில்லை. நாலு மாதம் நான் பொறுத்தேன்.

இரண்டு மொடல்களை ஒப்பிட்டு அட்டவணை ஒன்றும் அனுப்பினீர்கள். பதினாலு இஞ்ச் ஒன்று, பாரமில்லாதது, பற்றரி நாள் முழுக்க நிற்கும். பதினாறு இஞ்ச் ஒன்று, கேம் விளையாட ஏற்றது, சார்ஜரே ஒரு செங்கல் அளவு. நான் சின்னதைச் சொன்னேன். "ஏன் பிள்ளை, பெரிய ஸ்கிரீன் கண்ணுக்கு நல்லமெல்லோ?" என்று கேட்டீர்கள். தூக்க வசதி என்றேன். அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

ஓகஸ்டில் வீடியோவில் எடுத்தீர்கள். என் முகத்தை உற்றுப் பார்த்தீர்கள். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "உன்ர போன்ர கமரா சரியில்லை, கன்னத்தில கறுப்பா விழுது. அடுத்த வருசம் வாறதில லென்ஸ் மாத்துறாங்கள்" என்றீர்கள். அண்ணா, என் கமராவில் ஒரு பழுதும் இல்லை. ஒரு தொழிற்சாலையில் களவாக எடுத்த மங்கல் படத்தைப் பார்த்து, ஆறு மாதம் கழித்து வரப்போகிற போனுக்குப் பின்னால் எத்தனை துளை என்று சொல்லுகிற கண் உங்களுக்கு.

இனி செப்டெம்பருக்கு வருகிறேன். வாங்குகிற நேரம் வந்ததும் நீங்கள் எனக்குப் போன் எடுக்கவில்லை, அனோஜனுக்கு எடுத்தீர்கள். கல்யாணம் முடித்த தங்கைக்கு நேரே ஒரு சாமான் அனுப்பினால் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவு. மிக்ஸி அனுப்பினபோதும் அவனைக் கேட்டீர்கள், பிள்ளைக்குத் தொட்டில் அனுப்பினபோதும் அவனைக் கேட்டீர்கள். அம்மாவும் உங்களுக்கு நினைவுபடுத்தினா: "மருமகனிட்டையும் ஒரு சொல்லுக் கேள் தம்பி, பிறகு மனவருத்தம் வரும்." உங்கள் எல்லோருக்கும் அவனுடைய மனவருத்தம்தான் பயம். எனக்கு ஒரு மனம் இருக்கிறதா என்று இந்தக் குடும்பத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அவனுக்கு போன் திருத்துகிற கடை. உங்கள் சனலை விடாமல் பார்க்கிறவன். அரை மணித்தியாலம் சிப், ராம், கிராபிக்ஸ் என்று கதைத்துவிட்டு, கடைசியில் சொன்னீர்களாம்: "அவளுக்கு வேலைக்குத்தானே மச்சான், ஒண்டாம் திகதி தொடங்குதாம். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அன்று கடையை மத்தியானமே பூட்டிவிட்டு வந்தான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கேள்வி ஒன்றும் இல்லை. தலைமயிரில் பிடித்து அறைக்குள் இழுத்தான். "ஆருக்கு வேலை செய்யப்போறாய்? எவன்ர குரலைக் காதுக்குள்ள வைச்சுக் கேக்கப்போறாய்?" வயிற்றில் உதைத்தான். நான் அலுமாரியைப் பிடித்து எழும்பப் பார்த்தேன். கை உள்ளே இருக்கும்போதே கதவைச் சாத்தினான். முதல் தடவை உடையவில்லை. மூன்றாவது தடவை சத்தம் கேட்டது, பச்சைக் கம்பு முறிகிற சத்தம். அபிசா கதிரைக்குக் கீழே போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

பிறகு அவன் முகம் கழுவினான். கட்டிலில் இருந்து உங்களுக்குக் குரல் பதிவு போட்டான். நான் நிலத்தில் கிடந்து கேட்டேன். ஒலிப்பதிவு கேட்டு எழுதப் பழகினவள் நான், ஒரு சொல் பிசகாமல் தருகிறேன்:

"மச்சான், நல்ல காலம் சொன்னியள். எனக்குத் தெரியாமல் செய்யப் பாத்திருக்கிறாள். நல்லாக் குடுத்தனான், கை ஒண்டு வீங்கிப்போச்சு, இனி அடங்கி இருப்பாள். அதை விடுங்கோ. லப்டொப்பை நான் கடைக்கு எடுக்கிறன். பதினாலோ பதினாறோ, எது நல்லம்?"

இருபது நிமிடம் கழித்து உங்கள் பதில் வந்தது. அவன் சத்தத்தைக் கூட்டி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"கடைக்கெண்டால் பதினாறு இஞ்ச்தான் நல்லம் மச்சான்."

அவ்வளவுதான். நான் இன்னும் வரும் என்று காத்திருந்தேன். "கேட்டியோ? உன்ர அண்ணரும் ஒண்டும் சொல்லேல்லை" என்று சிரித்தான்.

அண்ணா, அவனுடைய உதையை மறந்தாலும் மறப்பேன்.

ஆசுபத்திரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அவன் பக்கத்தில் நின்றான், அதனால் சொன்னேன். அது என் பிழை. அப்படி எழுதின ஆசுபத்திரித் துண்டைத்தான் இப்போது அவன் பக்கத்தார் காட்டுகிறார்கள்.

ஒக்டோபர் முதலாம் திகதி போனது, வேலையும் போனது. இரண்டாம் கிழமை, சூரிச்சிலிருந்து லீவில் வந்த செல்வநாயகம் மாமாவின் பெட்டியில் நீங்கள் அனுப்பிய லப்டொப் நேரே அவனுடைய கடைக்கு வந்து இறங்கியது. பதினாறு இஞ்ச். எழுத்துக்கட்டைகள் சிவப்பாக எரிந்தன. கடையில் வைத்தால் தூசி என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கேம் விளையாடினான். ஒக்டோபர் இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் அபிசா ஜாம் பூசின கையால் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத் தொட்டாள். அவன் சார்ஜரைக் கழற்றி வயரில் பிடித்துச் சுழற்றினான். நான் இடையில் போனேன். அந்தச் செங்கல் என் காதுக்கு மேலே விழுந்தது. ஏழு தையல். இரத்தம் கண்ணுக்குள் இறங்கினதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவன் மறுபடியும் சுழற்றுகிற சத்தம் கேட்டது. பிள்ளை என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் லப்டொப்பைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தேன். மாவுக்கட்டுப் போட்ட கையாலும் பிடித்துத்தான் அடித்தேன். இரண்டு பல் போனது. மூடி உடைந்து கழன்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினேன்.

அதற்காக நான் வருந்தவில்லை. மன்னிப்பும் கேட்கமாட்டேன்.

அப்பாவிடம் போனேன். பாப்பாமோட்டையில் வயல் விதைப்பு நேரம், வரம்பிலேயே நிறுத்திக் கதைத்தார். "பல்லை உடைச்சிருக்கிறாய். நான் எந்த முகத்தோட சம்பந்தியிட்டப் போறது?" என்றார். என் தலையில் கட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். குரல் பதிவைச் சொன்னேன். "தம்பியின்ர பேர் இதுக்குள்ள வரக்கூடாது. அவனை எத்தினை ஆயிரம் சனம் பாக்குது" என்றார். வெயிலில் நின்ற பிள்ளைக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆனால் பயந்தவர்களால்தான் எனக்கு இவ்வளவும் நடந்தது.

எனக்காகப் பேசுகிற சட்டத்தரணி டிலோஜினி அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். குரல் பதிவு திகதியோடும் நேரத்தோடும் முழுதாக வரவேண்டும். அது உங்கள் போனுக்கு வந்தது என்று நீங்கள் ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டு அனுப்பவேண்டும். வெட்டி ஒட்டினால் செல்லாது. அதனால் உங்கள் பதிலும் அதோடு சேர்ந்துதான் வரும். நீதவான் கேட்பார். அனோஜனின் ஆட்கள் கேட்பார்கள். வெளியே நிற்கிற சனத்துக்கும் தெரியவரும். எனக்குத் தெரியும், உங்களுக்கு அதுதான் பிரச்சினை. ஆனால் ஒரு மனுசன் தன் தங்கை அடிவாங்கின கதையைக் கேட்டுவிட்டு ஸ்கிரீன் அளவு சொன்னான் என்பது உண்மை. உண்மை வெளியே வரட்டும். நீங்கள் அதற்குப் பிறகும் சூரிச்சில் இருப்பீர்கள், உங்களுக்கு ஒன்றும் குறையாது. பிள்ளை அந்த வீட்டுக்குத் திரும்பினால் அடுத்த அடி அவளுக்கு.

அபிசா நன்றாகச் சாப்பிடுகிறாள். முஸ்பிராவின் உம்மா அவளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கிறா. உங்களுக்கும் நல்ல சுகமும் நல்ல மனமும் கிடைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
யதுர்சிகா


எருக்கலம்பிட்டி.
16.11.2025

அண்ணாவுக்கு,

கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் பார்த்ததற்கு நீல அடையாளமும் விழுந்துவிட்டது என்று முஸ்பிரா காட்டினாள். ஏழு நாளாகிறது. இடையில் வரப்போகிற ஐந்து லப்டொப்புகளைப் பற்றி ஒரு வீடியோ போட்டிருக்கிறீர்கள். பார்த்தேன். நன்றாகத்தான் பேசுகிறீர்கள்.

நேற்று அம்மா முஸ்பிராவின் போனுக்கு எடுத்தா. "தம்பி போன் மாத்திப்போட்டானாம் பிள்ளை, பழசுகள் ஒண்டும் இல்லையாம். அவனைக் கரைச்சல் படுத்தாதை" என்றா. அம்மாவுக்கு விளங்காது என்று நினைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். போன் மாற்றும்போது வட்ஸ்அப்பில் ஒரு சொல்கூடத் தவறாமல் புதியதுக்குக் கொண்டுபோவது எப்படி என்று போன வருசம் நீங்களே வீடியோ போட்டீர்கள். அதைப் பார்த்துத்தான் அனோஜன் கடையில் ஆட்களுக்குச் செய்துகொடுக்கிறான். அந்தப் பதிவு உங்களிடம் இருக்கிறது.

என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டாம். இன்னொரு லப்டொப் வேண்டாம், அம்மா அதையும் சொன்னா. மாப்பிள்ளையோடு கதைத்துச் சமாதானம் பண்ணிவிடுகிறேன் என்று நீங்கள் சொன்னதாகவும் சொன்னா. தயவுசெய்து அவனோடு கதைக்கவேண்டாம். போன தடவை கதைத்தது காணும்.

நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். அபிசாவை வெளியே வாங்கில் முஸ்பிராவோடு இருத்திவிட்டு நான் உள்ளே போகவேண்டும். திரும்பி வரும்போது அவள் என்னோடு வருவாளா, அவனோடு போவாளா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

அந்தக் குரல் பதிவை அனுப்புங்கள், அண்ணா. உங்கள் பதிலோடு சேர்த்து அனுப்புங்கள்.

யதுர்சிகா