குழுவிலிருந்து தவமணியை நீக்கினேன்

பெப். 3, திங்கள்
விடியலிலிருந்தே தூறல். எல்கடுவ பஸ் பிந்தியது. சேலை ஓரமெல்லாம் சேறு.
பதினோராம் தரப் பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு திறந்தாயிற்று. எங்கள் பள்ளி அதிபர் உத்தரவு. பாடசாலைக்கும் வீட்டுக்கும் உறவைப் பலப்படுத்தவாம். வலயக் கல்வி அதிகாரி ஒருவரும் உள்ளே. எழுதத் தெரியாதவர்கள் குரலில் பேசி அனுப்பலாம், பயப்பட வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொன்னேன்.

பெப். 5, புதன்
முதல் குரல் கௌசல்யாவின் அம்மா தவமணி. மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற இடத்திலிருந்து. பின்னால் காற்று, யாரோ சிரிப்பது.
"டீச்சர், கணக்கு சார் மாறிப் போனதுலேருந்து பாடமே நடக்கலையாம். இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுதணும். வேற சார் எப்ப வருவாரு?"
சரியான கேள்வி. நான் தமிழ் ஆசிரியை, பதில் தெரியாது. மத்தியானத்துக்குள் இன்னும் சில தாய்மார் அதையே கேட்டார்கள். எனக்குள் சந்தோஷம்.
சோயாக் கறி தீய்ந்துவிட்டது.

பெப். 6, வியாழன்
அதிபர் கூப்பிட்டார். வலய அதிகாரி அவரைக் கேள்வி கேட்டாராம்.
"குரூப் அறிவித்தல் குடுக்கத்தான் மிஸ், எங்கள விசாரிக்க இல்ல."
இனி ஆசிரியர்கள் மட்டும் பதிவிட வேண்டுமாம். தவமணியை நீக்க வேண்டுமாம். மறுத்துப் பார்த்தேன். அம்மாவின் நோய்க்காக மாத்தளை டவுனுக்கு நான் கேட்டிருக்கும் இடமாற்றத்தைப் பற்றி மெதுவாக விசாரித்தார். அவர் மேசை முன் நின்றே நீக்கினேன்.

பெப். 11, செவ்வாய்
பெற்றோர் கூட்டம். அறிவித்தல் குழுவில் மட்டும். தவமணி வரவில்லை. கணக்குப் பாடம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வடை, பிளேன்டீ, குரூப் போட்டோ.

பெப். 13, வியாழன்
இடைவேளையில் தவமணி. இடுப்பில் கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு, அவிழ்க்கக்கூட நேரமில்லை.
"கூட்டம்னு யாரும் சொல்லலையே டீச்சர். நான் என்னா தப்பாப் பேசுனேன்?"
தப்பே இல்லை என்றேன். யார் நீக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன்.
"பேசச் சொன்னதும் நீங்கதானே."
மலைக்குத் திரும்பிப் போய்விட்டார். பிறகு ஏழாம் வகுப்பில் என்ன படிப்பித்தேனோ.

பெப். 19, புதன்
நல்ல வெயில். மாத்தளையில் வலயக் கூட்டம். எங்கள் குழுவைத் திரையில் காட்டினார்கள். முறைப்பாடே இல்லாத குழு என்று அதிகாரி புகழ்ந்தார். கைதட்டல். நானும் தட்டினேன்.

பெப். 24, திங்கள்
கௌசல்யா போன வாரம் முழுக்க வரவில்லை. கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாளாம். கணக்கு இல்லாமல் ஓ.எல். எழுதி என்ன என்று கேட்டாளாம். பக்கத்து லய வீட்டுப் பிள்ளை சொன்னது.
வராத பிள்ளைகளின் பெற்றோருக்குக் குழுவில் செய்தி போடச் சொன்னார் அதிபர். போட்டேன். 'கௌசல்யாவின் பெற்றோர் உடனே பாடசாலைக்கு வரவும்.'
எல்லார் வீட்டிலும் பார்த்துவிட்டார்கள், அவள் வீட்டைத் தவிர.