மதில் இல்லாத வளவு

மச்சான்,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போனேன். ஊர்ச் சங்கத்து ஆட்கள் பூவரசுக் கொப்புகளைக் கத்தரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பச்சை வாசம் உப்புக் காற்றோடு கலந்து வந்ததும், நீ பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

உன் மகளுக்கு நீ வீட்டோடு சீதனமாகக் கொடுத்த வளவு, அந்தக் காணி. கடல் எழுந்து வந்த அன்று அவளும் போனாள், வீடும் போனது. ஹோட்டல் கட்டக் கேட்டு வந்தவர்களுக்கு நீ முகம் கொடுக்கவில்லை. எல்லாரும் வந்து இருக்க ஒரு பூங்கா செய்வோம் என்று ஊர்ச் சங்கம் கேட்டபோது, தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் முன்னமே “ஓம், செய்வம்” என்றாய்.

பூங்கா வந்தது. ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வரவில்லை. உன் கூடப்பிறந்த மூத்தவர், ராத்தாவிடம் கேட்டோம்.

“வேலி இல்லாத இடத்தில நாங்க காத்து வாங்கிறதா, ஊருக்குக் காட்சி குடுக்கிறதா?” என்று ஏசினார்.

சங்கத் தலைவர் உன்னிடம் வந்தார். “சுத்திவர மதில் கட்டுவம். பொம்புளைகள் வராட்டி, காசு தந்து உதவி செய்யிறவங்க கைய விட்டிருவாங்க. பிறகு பூங்கா இல்ல.”

நீ கடலின் பக்கம் கையைக் காட்டினாய்.

“கடல் வந்த அண்டு எண்ட மவள் ஓடினவள்தான். பின்பக்கத்து மதில்தான் மறிச்சது. கட்டினது நான்” என்றாய். பிறகு, “ஒரு மாரி மழை மட்டும் பொறுங்க” என்றாய்.

பூவரசுக் கம்புகளை இரண்டு வரிசையாக நட்டாய். முன் வரிசையின் இடைவெளியைப் பின் வரிசை மறைத்தது. வெளியே நின்று பார்ப்பவனுக்கு அது அடைப்பு. உள்ளிருந்து ஓடுபவளுக்கு எங்கும் வழி.

“மாட்டுப்பட்டியா கட்டுறாய், மச்சான்?” என்று பகிடி பண்ணினேன்.

“ஓம். முதல் மாடு நீதான். இதுக்குள்ளால ஓடிக் காட்டு.”

சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நீ சிரிக்கவில்லை. என் தோள் எங்கே தட்டுகிறது என்று பார்த்து, அந்தக் கம்புகளைப் பிடுங்கி விலக்கி நட்டாய்.

மாரி முடிய இலை அடர்ந்தது. முதலில் உன் ராத்தா வந்தார், பிறகு ஊரே வந்தது. நாம் இருவரும் வெளியே மணலில் இருப்போம். இலைகளுக்கு அப்பால் முகங்கள் தெரியாது. குரல்கள் மட்டும் அலையோடு சேர்ந்து வரும், போகும். ஏதாவது ஒரு சிரிப்புக்கு நீ சட்டென்று தலையைத் திருப்புவாய். எனக்கும் அது உன் மகளின் சிரிப்புப் போலத்தான் கேட்கும்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், என் மகள் வீட்டுப் பின்மதிலில் ஓர் ஆள் ஓடக்கூடிய அளவுக்கு உடைத்தேன். கதவு போடவில்லை. “வாப்பா, ஆடெல்லாம் வந்து பூக்கண்டுகளத் தின்னுது” என்று, இதை எழுதும் இவள் நாளும் ஏசுகிறாள்.

தின்னட்டும், மச்சான்.