கொசுவலை

ஆகஸ்ட் 3, 2025

வைகை அணையில் இன்றும் நாலைந்து ஜிலேபி மீன்தான். வீட்டுக்காரர் இது போதும் என்று பரிசலைக் கவிழ்த்து வைத்தார். எனக்குத்தான் வயிறு எரிகிறது. எங்கள் வலைக்கண்ணியில் மூன்று விரல் நுழையும். குஞ்சு தப்பிப் போய் வளரும். அவருடைய சித்தப்பா மகன் சுருளிராஜன் போடுவது கொசுவலை. பொடிக்குஞ்சைக்கூட அள்ளிக் கோழித்தீவனத்துக்குத் தள்ளிவிடுகிறான். கேட்டால், "உங்க வலையில தண்ணிதேன் மாட்டும் மதினி" என்று இளிக்கிறான். இரு, அந்த வாயைத் தைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

கிடைப்பதை அப்படியே விற்றால் உலை கொதிக்காது. அணைப் பூங்கா வாசலில் மீன் வறுக்க ஆரம்பித்துவிட்டேன். எண்ணெய் தெறித்துக் கையெல்லாம் கொப்புளம். ஒவ்வொரு கொப்புளத்துக்கும் அவன் பெயர்தான்.

ஆகஸ்ட் 12

மீன்துறை ஆட்கள் வந்தார்கள். நான்தான் சொல்லியிருந்தேன். ஜீப்பைக் கண்டதும் கொசுவலையைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டு, வெறும் பரிசலோடு யோக்கியன் மாதிரி நிற்கிறான்!

ஆகஸ்ட் 13

அறுத்துவிட்டேன். விடியும்போது தனியாகப் போய் அவன் வலையின் மிதவைக் கயிறு எல்லாவற்றையும் அறுத்தேன். கட்டியிருந்த கல்லோடு வலை முங்கிப் போனது. வீட்டுக்கு வந்து வயிறாரக் கஞ்சி குடித்தேன். இப்படிப் பசித்து எத்தனை நாளாயிற்று!

ஆகஸ்ட் 19

எங்கள் வலை எதிலோ சிக்கியது. இழுத்தால், அவனுடைய கொசுவலைக் கிழிசல். உள்ளே அழுகிப்போன கட்லா மீன்குஞ்சுகள். நாற்றம். அடிப் பாவி, என்ன காரியம் பண்ணிட்ட என்று என்னையே திட்டிக்கொண்டேன். மிச்ச வலை தூக்க ஆளில்லாமல் அடியில் கிடந்து கொன்றுகொண்டே இருக்கிறதே. அவன் பண்ணினதையே நானும்— இல்லை. ஆரம்பித்தது அவன்தான்.

ஆகஸ்ட் 20

வலை தண்ணீருக்கடியில் எந்தெந்த மரக்கட்டையில் மாட்டிக் கிடக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"அறுத்தது நாந்தேன். வந்து இழு."

"தெரியும் மதினி" என்றான். இளிக்கவில்லை.

வீட்டுக்காரரும் சேர, மூன்று பேரும் இழுத்தோம். உயிரோடிருந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டேன். வலையைக் கரையில் குவித்துத் தீப்பெட்டியை அவனிடம் நீட்டினேன். "ஏலே, நீயே வையி."

வைத்தான். கண் கலங்கினான். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இதில் என்ன ஒளிவுமறைவு?

செப்டம்பர் 7

இன்னும் மீன் இல்லை.

நவம்பர் 23

சுருளிராஜன் ஒரு ரோகு மீனைக் கொண்டுவந்து கடைப் பலகையில் வைத்தான். அவனுடைய புது வலையில் பட்டதாம். கண்ணியில் மூன்று விரல் நுழையுமாம்; நான் கேட்கவில்லை. வால் துண்டாகப் பார்த்து, மிளகாய்த்தூளை அப்பி வறுத்துக் கொடுத்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய முழுவதையும் தின்றான்.

"இன்னொண்ணு வையிங்க மதினி."

நடுத்துண்டு வைத்தேன். மிளகாய்த்தூளை மட்டும் குறைக்கவில்லை.