பெயர்பெற்ற கல்லூரி

காஞ்சிபுரம்,
22 ஜூன்.

அன்பு மகள் திரிஷாவுக்கு,

கர்த்தர் உன்னைக் காத்துக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கையில் அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம். பெங்களூரில் நீ வேலை செய்துகொண்டு தங்கியிருக்கும் விடுதியின் முகவரியைத் தர முடியாது என்று உன் தோழி சத்யப்ரியா சொல்லிவிட்டாள். "அங்கிள், நீங்க போன் பண்ணா அவ எடுக்கமாட்டா. லெட்டரா எழுதிக் குடுங்க, நான் சேத்துடறேன்" என்றாள். அதனால்தான் கடிதம்.

நம் ஊர்ப் பக்கத்து ஏனாத்தூரில் பிபிஏ முடித்த சத்யப்ரியா, ஒரகடத்தில் எங்கள் கம்பெனியிலேயே இந்த மாதம் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். கேட்டில் அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதியது நான்தான். கல்லூரியின் பெயரை அவள் சொன்னபோது என் கை நின்றுவிட்டது. நீயும் அவளோடு அங்கேயே சேர்கிறேன் என்றுதானே கேட்டாய்?

அந்தக் கேட்டில் பதினான்கு வருஷமாக செக்யூரிட்டியாக நிற்கிறேன்மா. இன்டர்வியூவுக்கு வருகிறவர்களில் பெரிய கல்லூரிப் பெயர் சொல்பவர்களை நேராக ஏசி அறைக்கு அழைத்துப் போவார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். என் மகள் அந்த வரிசையில் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த வடநாட்டுப் பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் கிடைத்ததும் சர்ச்சில் ஒருவர் விடாமல் சொன்னேன். அங்கே நீ எப்படிப்பட்டவர்களோடு இருக்கப் போகிறாய் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பெயர் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் ஜனவரியில் நீ யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி வந்து, விடிந்ததும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இருந்து எனக்குப் போன் செய்தாய். டூட்டிக்குக் கிளம்பிய நான் யூனிஃபார்மோடு வந்தேன். "என்னால முடியலப்பா. குரூப் ப்ராஜெக்ட்ல யாருமே என்னைச் சேத்துக்க மாட்டேங்கறாங்க. நீங்க என்ன ஆளுங்க, எந்தக் கோட்டாவுல வந்தேன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. நான் இங்கயே படிக்கிறேன்பா" என்று அழுதாய்.

நான் என்ன சொன்னேன்? "அந்தப் பேரு கெடைக்காம எத்தினி பேரு ஏங்கிக்கினு இருக்காங்க தெரியுமா? இன்னும் ஒன்றரை வருஷம் பல்லைக் கடிச்சிக்கினு இருந்துடு." சொல்லிவிட்டு, வீட்டுக்குக்கூட அழைத்து வராமல், புறப்பட நின்ற சென்னை பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கம்பெனி பஸ் போய்விடும் என்று நானும் நிற்காமல் நடந்துவிட்டேன்.

அந்த வருஷம் ஏப்ரலிலேயே, நீ படிப்பை விட்டுவிட்டாய் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அதன்பிறகு, வேறு வேறு எண்ணிலிருந்து உன் அம்மாவுக்கு வரும் 'நல்லா இருக்கேன்' மட்டும்தான். புள்ளைக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்டபோதெல்லாம் தெரியாது என்றேன். நீ ஊர்வரை வந்துபோனதை அவளிடம் மறைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ரெண்டு நாளா ரயில்ல வந்துக்கினு இருந்திருக்கா. எதுனா சாப்டாளா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை திரிஷா. உன்னை நான் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

திரும்ப வந்து படி என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. நீ வேலை செய்யும் இடத்தின் பெயரையும் இனி கேட்கமாட்டேன். உன் கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, அது என்னோடு இருக்கட்டும். அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி எழுது. அன்று காலையில் சாப்பிட்டேன் என்று எழுது. பொய்யாக இருந்தாலும் எழுதும்மா.

உனக்காக ஜெபிக்கும்
அப்பா,
கிறிஸ்டோபர்.