பன்னிரண்டு அடி ஜூபிலி பாலம்

ஜனவரி 4, வியாழன்

நல்ல குளிர். ஆபீஸில் சால்வையைக் கழற்றவே இல்லை.

பதினொரு மணிக்கு எங்கள் ஹெட் தத்தா பாபு டிராயிங் செக்‌ஷன் முழுவதையும் கூப்பிட்டார். பிப்ரவரி முதல் வாரம் கீழ்க்கூடத்தில் பழைய ரயில் பாலங்கள் கண்காட்சி. ஹூக்ளி ஆற்று ஜூபிலி பாலத்துக்கு மாடல் வேண்டும். வெளியே ஒப்புக்கொண்ட ஆள் கைவிரித்துவிட்டானாம். "தெரிந்த மிஸ்திரி யாராவது உண்டா?"

"நானே செய்றேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. பக்கத்து மேஜை ஷிப்ரா தொடையில் கிள்ளினாள்.

தத்தா பாபு கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வசந்தா தீதி, இது கொலு இல்லை." கொலு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். போன வருஷம் வீட்டுக்கு வந்து இரண்டு தொன்னை சுண்டல் சாப்பிட்டவர்.

இருபத்திரண்டு வருஷம் டிரேசர் நான். அடுத்தவர் போட்ட கோட்டின் மேல் கோடு. நானாக எதையும் எழுப்பியதில்லை.

வீட்டில் சொன்னேன். இவர் கேட்டது ஒன்றுதான்: "எவ்ளோ நீளம்?"

ஜனவரி 7, ஞாயிறு

கரியாஹாட். வாங்கியவை: தடித்த அட்டை 14, பிளேடு ஒரு பெட்டி, பசை, இரும்பு ஸ்கேல், கறுப்பு பெயிண்ட். தூண்களுக்கு ஷோலா, பூஜை அலங்காரம் செய்கிறார்களே, அந்த வெள்ளைத் தக்கை. செதுக்கினால் செங்கல் வரி அழகாக விழுகிறது.

நூற்றில் ஒரு பங்கு அளவு. மொத்தம் பன்னிரண்டு அடி.

"நம்ம ஹாலே பத்தடிதாம்மா" என்றார் இவர். கிடர்பூர் துறைமுக டாக்கில் கிரேன் ஃபோர்மேன். எதையும் முதலில் கண்ணால் அளப்பார்.

கவலையில்லை. அசல் பாலமே மூன்று துண்டுதான். நடுத்துண்டு ஆற்றுக்குள் இரண்டு தூண்கள் மேல் நின்று இரண்டு பக்கமும் கை நீட்டுகிறது. கரைகளிலிருந்து வரும் இரண்டு துண்டுகளும் அந்தக் கைகள் மேல் உட்காருகின்றன. நானும் மூன்றாகவே செய்வேன்.

ஜனவரி 10, புதன்

இந்தப் பாலத்தில் நட், போல்ட் கிடையாதாம். எல்லாம் அடித்துப் பொருத்திய ரிவெட் ஆணி. ஆக, ரிவெட் இல்லாமல் மாடல் இல்லை. மை தீர்ந்த பேனாவால் அட்டையின் பின்பக்கம் குத்தினால் முன்பக்கம் குமிழ் எழும்புகிறது. செக்‌ஷனில் எல்லோரிடமும் தீர்ந்த பேனா கேட்டு வாங்கினேன். ஷிப்ரா ஒன்பது கொடுத்தாள்.

விரல் வீங்கியிருக்கிறது. ரசம் மட்டும் வைத்தேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அரை நாள் லீவு. லேக் மார்க்கெட்டில் கரும்பு வாங்கி வந்தார். பால் பொங்கும்போது நான் ஹாலில் பாலத்துக்குச் சாய்கம்பி ஒட்டிக்கொண்டிருந்தேன். "பொங்கிருச்சு, வா வா!" என்று இவர் மட்டும் அடுப்படியில் கத்தினார். பிசுக்குக் கையோடு ஓடினேன்.

மதியம் நடுத்துண்டு முடிந்தது. இவர் சும்மா இருக்கவில்லை. நீட்டிய கைகள் இரண்டிலும் ஒவ்வொரு தேங்காய் வைத்தார். பாலம் அசையவில்லை.

"அட்டைன்னு யாரு சொல்லுவா!" என்றார். லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை.

ஜனவரி 20, சனி

மூன்றும் ரெடி. வராந்தாவில் சாக்பீஸால் பன்னிரண்டு அடி கோடு போட்டுச் சேர்த்துப் பார்த்தோம்.

சேரவில்லை.

பக்கத்துத் துண்டு கையின் மேல் உட்காராமல் இடிக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர். மறுபக்கம் வைத்தோம். அங்கேயும் ஒன்றரை.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு தப்புன்னா உன் கை தப்பு செய்யலம்மா. கணக்கு எங்கயோ இடிக்குது."

மூன்று தடவை அளந்தேன். டிராயிங்கில் உள்ளபடிதான் வெட்டியிருக்கிறேன். எதிர் ஃபிளாட் மாசிமா காய்கறிப் பையோடு பாலத்தைத் தாண்டிப் போனார். அழுகை வந்தது. அழவில்லை.

ஜனவரி 22, திங்கள்

ரெக்கார்ட் ரூம். தூசி, தும்மல். நான் வைத்து வேலை செய்தது டிரேசிங் நகல். அதற்கும் முந்தைய, துணியில் வரைந்த அசலைத் தேடச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. மடிப்பெல்லாம் பழுப்பு.

கையின் கடைசிக் கட்டத்தின் நீளம். அசலில் மூன்று. நகலில் எட்டு. மை மங்கி மூன்றின் வாய் மூடினாற்போல் இருக்கிறது. அடிக்கணக்கில் ஐந்து அதிகம். மாடலில் ஒன்றரை சென்டிமீட்டர்.

நகலின் மூலையில், இத்தனை நாள் நான் கவனிக்காத இடத்தில், டிரேஸ் செய்தவர்: வ.ரா. என் எழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்து எழுத்து, குண்டு குண்டாக.

டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜனவரி 24, புதன்

தத்தா பாபுவிடம் சொன்னேன். தப்பு யாருடையது என்பதையும் சேர்த்து. அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சேடே தின், தீதி. கே தேக்பே?" விட்டுவிடுங்கள் அக்கா, யார் பார்க்கப்போகிறார்கள். கரை ஓரத்தில் கொஞ்சம் செதுக்கிவிட்டால் உட்கார்ந்துவிடும் என்றார். அது உண்மைதான். நேற்று முழுக்க எனக்கும் அதே யோசனைதான்.

"அந்த நகலையும் திருத்தணும் பாபு. நாளைக்கு யாராவது அதை நம்பி வேலை செஞ்சா?"

பெரிய சாகேப் அறைக்கு இரண்டு பேருமாகப் போனோம். மெமோ நிச்சயம் என்று நினைத்தேன். சாகேப் ரெஜிஸ்டரைப் புரட்டினார். "இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஷீட்டை யாரும் வெளியே எடுக்கவில்லை. எடுத்த முதல் ஆளே நீங்கள்தான்" என்று சிரித்தார். திருத்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டார். கீழே நானும். இந்தத் தடவை முழுப் பெயர்.

இவரிடம் சொன்னதும், "சரி, நடுத்துண்டப் புதுசா வெட்டு. சமையல் என் பொறுப்பு" என்றார்.

ஜனவரி 28, ஞாயிறு

நான்கு நாளாக இவர் சமையல். நான்கு நாளும் உருளைக்கிழங்கு.

நடுத்துண்டு மறுபடி முடிந்தது. ஒன்பது நாள் வேலை நான்கு நாளில். ரிவெட் வரிசை முதலில் செய்ததைவிட நேர். சாக்பீஸ் கோட்டில் வைத்தோம். இவர் ஒரு முனை, நான் ஒரு முனை, பக்கத்துத் துண்டு ஒவ்வொன்றையும் மெல்ல இறக்கினோம். கைகள் மேல் உட்கார்ந்தது. தள்ளவில்லை, அமுக்கவில்லை. தானாக உட்கார்ந்தது.

"டாக்ல இருபது டன் இறக்கும்போதுகூட இப்படிப் பயந்ததில்ல" என்றார்.

பிப்ரவரி 2, வெள்ளி

டாக்ஸியில் மூன்று நடை. மடியில் பாலம், ஜன்னல் வழியே வால். டிரைவர் சர்தார்ஜி என்னவென்று கேட்டார். பாலம் என்றேன். அதன்பின் ஒரு குழியில்கூட விடாமல் சுற்றிச் சுற்றிப் போனார்.

ஆற்றுக்கு நீல பெயிண்ட் அடிக்க ஆள் வந்து நின்றான். ஹூக்ளி எப்போது நீலமாக இருந்தது? டீ டிகாஷனும் கொஞ்சம் மண்ணும் கலந்து நானே பூசினேன். ஷிப்ரா, "வாசனைகூட சரியா இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 5, திங்கள்

திறப்பு. மாம்பழ நிறப் பட்டுப்புடவை. இவரும் லீவு போட்டு வந்தார், மடிப்புக் கலையாத சட்டை.

தலைமை விருந்தாளி நீளவாக்கில் நடந்து பார்த்தார். திரும்பவும் நடந்தார். குனிந்து ரிவெட்டைத் தொட்டார். "எந்தக் கம்பெனி?"

தத்தா பாபு முந்திக்கொண்டார். "கம்பெனி இல்லை சார். எங்கள் வசந்தா தீதி." அதோடு விட்டாரா? எட்டு, மூன்று, அசல், நகல், என் பழைய தப்பு எல்லாவற்றையும் அத்தனை பேர் நடுவில் கொட்டினார். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் குறையாகச் சொல்லவில்லை. தன் வீட்டுப் பெண் முதல் மார்க் வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னார். "தன் தப்பைத் தானே பிடித்து, தானே எழுதிக்கொடுத்து, முழுசாகத் திரும்பச் செய்தார்!"

விருந்தாளி கைகுலுக்கினார். பசை காய்ந்த விரல்.

திரும்பிப் பார்த்தேன். இவர் தூணோரம் நின்று கர்ச்சீப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிப்ரவரி 8, வியாழன்

குளிர் குறைந்திருக்கிறது. மேஜையில் பழைய ஷெட் டிராயிங், டிரேசிங்.

கண்காட்சி முடிந்தாலும் மாடல் கூடத்திலேயே இருக்குமாம். கண்ணாடிப் பெட்டிக்கு ஆர்டர் போயிருக்கிறது. வாசல் காவலர் திவாரி வருகிறவர்களை நிறுத்தி இந்தியில் விளக்குகிறார்: ஒரு நட், போல்ட் கிடையாது, செய்த மேடம் மாடியில்தான் இருக்கிறார்.

இன்று மூன்று தடவை கீழே இறங்கினேன். முதல் தடவை தண்ணீர் பிடிக்க. இரண்டாவது, தபால் வந்ததா என்று கேட்க. மூன்றாவது தடவைக்குக் காரணம் தோன்றவில்லை. சும்மாவே இறங்கினேன்.