ஏரிக்கரை அவுட்டர்

இன்று லீவு. மத்தியானம் உன் தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தேன். திறந்தேன் என்று சொல்வது தப்பு, அது ஏற்கெனவே பாதி திறந்துதான் கிடந்தது. உனக்கு எந்த மூடியைத்தான் ஒழுங்காக மூடத் தெரியும்? வாசனை வந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து, பொம்மை இன்ஜினின் சக்கரத்துக்குக் காட்டிவிட்டு, "இப்ப ஓடும் பாரு மச்சான்" என்பாயே, அந்த வாசனை. நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முழுசாக வந்து போய்விட்டது. எண்ணெய் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் பொம்மை ரயிலுக்கு விட்டிருந்த பின்னறை போய்விட்டது. நாவலூரில் வேலை பார்க்கும் என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கட்டிலும் அவள் கம்ப்யூட்டர் மேசையும் அங்கேதான், நாளைக்குத் தொட்டிலும் அங்கேதான். ரயிலை எல்லாம் மூட்டை கட்டிவிடலாம் என்று நான் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு சொவுரு நீ எடுத்துக்கோப்பா. ஆனா சின்னதா பண்ணு" என்றாள். ஒரு சுவர், அதில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் ஒரு பலகை. அவ்வளவுதான் நமக்கு மிச்சம்.

நீ இருந்திருந்தால் பலகையையே தூக்கி எறிந்திருப்பாய். உன் திட்டம் என்ன சாதாரணமானதா? கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒரு ஸ்டேஷன் விடாமல், ஜங்ஷனில் காஞ்சிபுரம் பக்கம் பிரியும் லைனோடு, கூட்ஸ் வண்டி நிற்க யார்டோடு, எல்லாமே என் வீட்டுப் பின்னறைக்குள். காகிதத்தில் போட்டால் அளவு புரியாது என்று தரையிலேயே சாக்பீஸால் வரைந்தாய். ஃபாக்டரியில் இரும்புத் தகட்டில் கோடு போட்டுப் பழகிய கை. பரனூரையாவது விட்டுவிடலாமே, அங்கே யார் இறங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, "அங்க எறங்கறவன் இன்னா பண்ணுவான்? நடந்து வருவானா?" என்று சண்டைக்கு வந்தாய். விரல் நுனி அளவு ஆட்களுக்காக அப்படி ஒரு சண்டை!

என் மனைவி தரை துடைக்கும்போது அந்தக் கோடுகளை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள். "அண்ணாத்த போட்ட கோலம், இருந்துட்டுப் போவட்டும்" என்பாள். நீ போன பிறகும் அப்படித்தான் செய்தாள். கட்டில் வருவதற்கு முந்தின நாள் நான்தான் துடைக்கச் சொன்னேன். ஈரத்துணியோடு என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் துடைத்தாள். கூடுவாஞ்சேரி போயிற்று, பொத்தேரி போயிற்று. நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். உனக்குத் துரோகம் செய்கிறோமோ என்று தோன்றியது.

முதல் தடவை நாம் பலகை கட்டிய கூத்து ஞாபகம் இருக்கிறதா? அறையை அடைத்துப் பலகை போட்டோம். நாம் நிற்பதற்கு ஓர் ஓரம் மட்டும் விட்டோம். இன்ஜின் ஜோராகப் போய் அந்தக் கோடி மூலையில் கவிழ்ந்தது. உன் கையும் எட்டவில்லை, என் கையும் எட்டவில்லை. பலகைக்கு அடியில் தவழ்ந்து போய் மண்டையை இடித்துக்கொண்டு வந்தாய். கடைசியில் துணி காயப்போடும் கொம்பால் இன்ஜினை இழுத்தோம், கூடவே இரண்டு ஸ்டேஷன்களும் வந்தன. என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ தலையைத் தேய்த்துக்கொண்டு, "கை எட்ற வரிக்கும்தான் மச்சான் நம்ம ரயில்வே" என்றாய். சொன்னாயே தவிர, பலகையைக் கழற்றிய அடுத்த வாரமே தரையில் யார்டுக்கு இன்னும் இரண்டு லைன் வரைந்தாய்.

ஒரு முழப் பலகையில் எதை வைப்பது? பல நாள் அந்தப் பலகையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜங்ஷனை வைத்தால் ஜங்ஷன் மட்டும்தான், ரயில் ஓட இடமில்லை. உன் ஃபாக்டரி ஸ்டேஷனான மறைமலைநகரை வைத்தால் நீ என்ன நினைப்பாய்? வேலைக்குப் போகிற ஸ்டேஷனை வீட்டிலுமா வைப்பார்கள் என்பாய். விடை எனக்கு அறையில் கிடைக்கவில்லை. தினமும் வீடு திரும்பும் ரயிலில்தான் கிடைத்தது.

தாம்பரத்தில் ஏறியதும் ஏரிப் பக்க ஜன்னலோரம் உனக்காக என் சாப்பாட்டுப் பையை வைப்பேன். மறைமலைநகர் வரும் வரைக்கும் அந்தப் பைக்காக எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பேன்! நீ ஏறி, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பையை என் மடியில் போட்டுவிட்டு உட்காருவாய். பரனூர் தாண்டியதும், ஜங்ஷனுக்கு வெளியே இருக்கும் அவுட்டர் சிக்னலில் சிவப்பு விழும். செங்கல்பட்டில் பிளாட்பாரம் காலி இல்லை என்று வண்டி ஏரிக்கரையில் நின்றுவிடும். எல்லாரும் எழுந்து கதவுப் பக்கம் போய் "பேஜாரு புச்ச வண்டி" என்று திட்டுவார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான்.

ஒருநாள் அப்படி எழுந்த என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். "குனி" என்றாய். "இன்னா கீது அங்க?" "குனிஞ்சு பாரு, அப்புறம் பேசு." ஜன்னல் கம்பியில் மோவாய் படும்படி குனிந்தேன். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, பெட்டியில் விளக்கு போட்டிருந்த நேரம். கொளவாய் ஏரி விளிம்பு வரைக்கும் நிறைந்து கிடந்தது, ஒரு சுழிப்பு இல்லை. அந்தத் தண்ணீருக்குள் நம் ரயில் தலைகீழாக நின்றது. பெட்டி பெட்டியாக, ஜன்னல் ஜன்னலாக, அத்தனை வெளிச்சமும். நீ கையை வெளியே நீட்டி ஆட்டினாய். ஏரிக்குள்ளும் யாரோ கை ஆட்டினார்கள். இத்தனை வருஷம் இதன் ஓரமாகப் போய்வந்திருக்கிறேன், நின்ற உயரத்திலிருந்து ஒரு நாளும் தெரியவில்லை.

ஆகவே நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஸ்டேஷன் ஒன்றுகூட இல்லை. பீரோவுக்குப் பின்னாலிருந்து வரும் ஒரே ஒரு லைன், லேசாக வளைந்து ஏரிக்கரையில் போகிறது. ஒரு சிக்னல். அதைத் தாண்டினால் லைன் அலமாரிக்குப் பின்னால் போய் முடிந்துவிடும். தண்டவாளத்துக்கு நீ மாமல்லபுரத்திலிருந்து கொண்டுவந்த ஜல்லியைத்தான் போட்டேன். சிற்பக் கூடத்தில் உளித் துகளை டீ வடிகட்டியில் சலித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அந்தச் சிற்பி பொறுக்க முடியாமல், "இன்னாத்துக்கு நைனா இது?" என்று கேட்டார். "ரயில் பாதைக்கு" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "அந்த டீ வடிகட்டியிலயா?" என்று அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனால் போகும்போது நல்ல துகளாகப் பார்த்து ஒரு பை நிறைய அவரே கொடுத்தார். ஏரிக்கு நீலம் அடிக்கவில்லை, பயப்படாதே. "ஏரி நீலம்னு எவன் சொன்னான்?" என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கறுப்பில் கொஞ்சம் பச்சை கலந்து அடித்து, அதன்மேல் வார்னிஷ், காய்ந்ததும் மறுபடி வார்னிஷ் என்று கண்ணாடி போல ஆகும் வரைக்கும் விடவில்லை.

சாயங்காலம் உன் மனைவியைக் கூப்பிட்டிருந்தேன். உன் பெரிய திட்டத்தை வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். ‘இவ்ளோதானாண்ணா?’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று தெரியும். பலகையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தாள். என் மகள்தான், "செங்கல்பட்டு எங்கப்பா?" என்றாள். "அலமாரிக்கு அந்தாண்ட" என்றேன்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, வண்டியை ஓட்டும் குமிழைத் திருப்பினேன். நீ ஊசி முனையில் எண்ணெய் காட்டிய அதே இன்ஜின், பெட்டிகளில் விளக்கெரிய, பீரோவுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தது. சிக்னல் சிவப்பு. ஏரிக்கரையில் நின்றது. "ரிப்பேரா?" என்றாள் என் மனைவி. "குனிஞ்சு பாரும்மா" என்று உன் மனைவியிடம் சொன்னேன்.

அவள் பலகை விளிம்பில் மோவாயை வைத்துக் குனிந்தாள். நானும் பக்கத்தில் குனிந்தேன். மேலிருந்து பார்த்தால் வெறும் வார்னிஷ். கீழே வந்ததும் அதற்குள் இன்னொரு ரயில், தலைகீழாக, ஜன்னல் ஜன்னலாக. நானே செய்தது, எனக்கே அதிசயமாக இருந்தது.

அவள் குனிந்தபடியே சொன்னாள். "இங்க நின்னுகினுதான் ஃபோன் பண்ணுவாரு. அவுட்டர்ல நிக்கிறோம், கொழம்ப சூடு பண்ணுன்னு. டெய்லி. நான் உடனே அடுப்ப பத்த வெச்சிடுவேன்."

அந்த ஃபோனை உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும்தான் கேட்டிருக்கிறேன். மறுமுனையில் ஓர் அடுப்பு பற்றியதை ஒரு நாளும் நினைத்ததில்லை. உன் அத்தனை ஸ்டேஷன்களையும் விட்டுவிட்டேன் என்று குமைந்துகொண்டிருந்தவன் நான். இவள் இந்த ஒரே இடத்தில் உன்னைப் பார்த்துவிட்டாள்.

பச்சை போட்டு வண்டியைக் கிளப்பக் கையைக் கொண்டுபோனேன்.

"இருக்கட்டும்ணா," என்றாள், கண்ணை எடுக்காமல். "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

கையை எடுத்துவிட்டேன். என் மனைவியும் வந்து குனிந்தாள், நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ரயில் நின்றது.

நாளைக்கும் சாயங்கால வண்டி அவுட்டரில் நிற்கும். எல்லாரும் எழுந்து திட்டுவார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு நான் குனிந்து பார்ப்பேன்.