மாற்றாத மஞ்சள் கயிறு

காஜா பெராங், மலாக்கா
ஆகஸ்ட் 1957

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

என்னையும் பிள்ளைகளையும் விட்டு நாகப்பட்டினம் போய் நீங்கள் அனுப்பிய கப்பல் டிக்கெட் வந்தது. “மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தால் நம்மை விரட்டுவார்கள், ஏறி வா” என்ற உத்தரவும் வந்தது.

சண்டைக் காலத்தில் இந்தியாவின் விடுதலைக்கென்று என் தாலியை வாங்கி விடுதலைப் படையின் நிதியில் போட்டீர்கள். மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வாயை மூடியிருந்தேன். இனி மூட மாட்டேன். நான் பிறந்த நாடு இது. குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

நீங்கள் குப்பை என்று திட்டிய சினிமாப் படங்களைப் பக்கத்து வீட்டு நாகம்மாவோடு போய்ப் பார்க்கிறேன். “படம் பார்த்தா குடும்பம் கெட்டுரும்னாரே, இப்ப படமா கெடுத்துச்சு?” என்கிறாள்.

நேற்று ஆடிப் பதினெட்டு. அவள் புதுக் கயிறு கொண்டுவந்தாள். புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதைக் கழற்ற வேண்டும் என்று என் கையைப் பிடித்தாள்.

பழையதை மட்டும் கழற்றினேன். டிக்கெட்டோடு அதையும் இதில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இந்த ஊர்க்காரி